ஐந்நூறு முதல் அறுநூற்று முப்பத்தெட்டு வரை

காலை ஒன்பதே முக்காலுக்கு வயர்லெஸ் கருவியில் அந்தக் குரல் எழுந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எல்லாரும் முழக்கோல் என்று அழைக்கும் ஊழியர் சுவர்ப்பலகையின் முன்னே நின்று, கப்பல்களுக்குப் பதிலாகத் தாம் வைத்த மரக்கட்டைகள் தாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்பக்கச் சரக்கறைல தண்ணி ஏறுது. பம்பு ரெண்டும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பத்தொன்பது பேர் இருக்கோம். கரையில அணைக்க எடம் வேணும். இன்னிக்கே வேணும்."

பேசியவர் துறைமுக வாயிலுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பலின் கேப்டன். பதறிக் கத்தியிருந்தால் அறையில் இருந்தவர்கள் சற்றுத் தைரியமாக இருந்திருப்பார்கள். அவரோ கடைக்காரரிடம் சாமான் கேட்பவரைப் போல நிதானமாகப் பேசினார்.

துறைமுக அதிகாரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பாராமல் அவர் 'வணக்கம்' கூடச் சொன்னதில்லை. "நாலு மணிக்குக் காத்து திரும்பும்னு வானிலைக்காரங்க சொல்லிட்டாங்க. அலை எழும்பினா அந்தப் பம்பு தாங்காது. அடுத்த துறைமுகம் பதினாலு மணி நேரம். முழக்கோல் சார், எடம் உண்டா இல்லையா? ஒரே வார்த்தை."

முழக்கோல் பலகையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"இல்லை."

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வாய்த்ததன்று. எந்தக் கப்பல் கப்பல்மேடையின் எந்த மீட்டரில் தொடங்கி எந்த மீட்டரில் முடிய வேண்டும் என்று தீர்மானிப்பதே இருபத்தாறு ஆண்டுகளாக அவருடைய உத்தியோகம். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வந்திருப்பார். அளவுநாடா இல்லாமல் வந்ததில்லை. வீட்டிற்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கியபோது சமையலறை மூலையை மூன்று முறை அளந்தார். பெட்டி வந்திறங்கிய பின் நான்காம் முறையும் அளந்தார். "கட்டிலுக்கு நடுவுல கோடு போடாம விட்டாரே, அது என் பாக்கியம்" என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர் அளந்து வைத்த இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று தொட்டன என்று இருபத்தைந்து ஆண்டுகளாக எவரும் கூற முடியாது. அதற்கு முந்தைய ஓர் ஆண்டைப் பற்றி அவர் பேசுவதில்லை.

கப்பல்மேடையின் நீளம் அறுநூற்றைம்பது மீட்டர். விளக்குமுனையில் பூச்சியம் தொடங்கும். பாறைமுனையில் அறுநூற்றைம்பது முடியும். அன்று மூன்று கப்பல்கள் அணைந்திருந்தன: முதலில் சிமெண்டுக் கப்பல், அடுத்து மரக்கப்பல், கடைசியில் தானியக் கப்பல். வெளியே நிற்கும் கப்பலின் நீளம் நூற்றைம்பத்தெட்டு என்று பைலட் அனுப்பிய சீட்டு கூறியது. அயல் கப்பல்களைத் துறைக்குள் வழிகாட்டி அழைத்து வருபவருக்கு அங்கே பைலட் என்று பெயர். பலகையிலோ தானியக் கப்பலுக்கு அப்பால் இருபது மீட்டர் இடைவெளி போக, எஞ்சியது அறுபதே மீட்டர்.

"கம்ப்யூட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார் அதிகாரியம்மா.

மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள் முழக்கோலின் மச்சினி. அவர் மனைவிக்குப் பன்னிரண்டு வயது இளையவள். துறைமுகத்தின் தரவுத்தளத்தை அமைத்துக் கொடுத்தவள். அன்று ஏதோ ஓர் அறிக்கையைத் திருத்துவதற்காக வந்திருந்தாள். விசைகள் நான்கைந்து முறை ஒலித்தன.

"அத்தான் சொன்னதுதான். ஐநூத்தித் தொண்ணூறுல இருந்து அறுநூத்தி அம்பது வரைக்கும் காலி. வேற எங்கயும் இல்ல."

முழக்கோலுக்குத் தம் சொல் நின்றதில் ஒரு கணம் நிறைவு உண்டாயிற்று. அடுத்த கணமே அதற்காக அவர் வெட்கப்பட்டார். பத்தொன்பது பேர் நீரில் நிற்கும்போது நிறைவு என்ன வேண்டிக்கிடக்கிறது?

"பதினோரு மணி வரைக்கும் பார்ப்பேன்" என்றார் அதிகாரியம்மா. "அதுக்கு மேல அவங்களை இங்க நிறுத்தி வச்சா, அது நான் பண்ற பாவம். அடுத்த துறைமுகத்துக்குக் கிளம்பச் சொல்லிடுவேன்." பதினான்கு மணி நேரம் அந்தக் கப்பல் மிதக்காது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

*

அந்தத் தரவுத்தளத்தின் மீது முழக்கோலுக்கு இருந்த மதிப்பு, ஆறு மாதங்களுக்கு முன் வெறுப்பில் தொடங்கியது. அதுவரை அவருடைய பேரேட்டில் 'தொடக்கம்' என்று ஒரு கட்டமும் 'முடிவு' என்று ஒரு கட்டமும் தனித்தனியே இருந்தன. மச்சினி இரண்டையும் நீக்கிவிட்டு ஒரே நெடுவரிசையை வைத்தாள். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முழு வீச்சு இருந்தது: இங்கிருந்து இதுவரை என்பது ஒரே மதிப்பாக.

"ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டு நம்பரா? கூட்டுக் குடும்பமா நடத்தற?" என்று அப்போது கேட்டார்.

"ரெண்டு நம்பர் இல்ல அத்தான், ஒரே பொருள். கயித்தைச் சுருட்டி வைக்கிறீங்க இல்ல? நுனி ரெண்டு இருக்குன்னு ரெண்டு கயிறுன்னா சொல்வீங்க? முடிவைத் தொடக்கத்துக்கு முன்னாடி எழுதிப் பாருங்க, வாங்கவே வாங்காது."

எழுதிப் பார்த்தார். வாங்கவில்லை.

பின்னர் அடைப்புக்குறிகளைக் காட்டினாள். வீச்சின் இடப்பக்கம் சதுர வடிவப் பகர அடைப்பு. வலப்பக்கம் வளைந்த பிறை அடைப்பு. பகரம் தன்னைத் தொட்டு நிற்கும் எண்ணையும் சேர்த்துக்கொள்ளும். பிறை, அதைத் தொடும்வரை வந்து, தொடாமல் நின்றுவிடும். இரண்டு மணிக்குப் புறப்படும் கப்பலுக்கும் இரண்டு மணிக்கு வந்து சேரும் கப்பலுக்கும் இடையே, அந்த இரண்டு மணி என்னும் நொடி எதற்கு உரியது என்று முழக்கோல் முகவர்களோடு எத்தனை முறை மல்லுக்கட்டியிருப்பார்! அந்த வழக்கை ஒரு வளைந்த கோடு முடித்துவைத்திருந்தது. வருகிற கப்பலுக்கே அந்த நொடி. போகிற கப்பலுக்கு அதற்கு முன்னால் உள்ள அனைத்தும். இடையே ஓர் அணுவளவும் சிந்தவில்லை. ஓர் அணுவும் இருவருக்குச் சொந்தமாகவில்லை.

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு வீச்சுகள் இருந்தன: மேடையில் இடம், நாளில் நேரம். அவற்றின் மேல் ஒரே ஒரு விதி. இடத்தாலும் நேரத்தாலும் ஒருசேர மேற்படியும் இரண்டு பதிவுகள் அட்டவணைக்குள் இருக்கலாகாது. கப்பல்களுக்கிடையே விட வேண்டிய இருபது மீட்டரையும் அவள் அந்த விதிக்குள்ளேயே பொதிந்துவிட்டாள். முழக்கோல் ஒரு பிற்பகல் முழுவதும் அந்த விதியை ஏமாற்ற முயன்றார். ஒரு மீட்டர் திருடினார். ஒரு நிமிடம் திருடினார். ஒவ்வொரு முறையும் அது மறுத்தது. கோபமில்லை, விளக்கமில்லை, எழுதியது ஏறவில்லை, அவ்வளவுதான். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்னும் உலகின் பழைய சட்டத்தை யாரோ அந்தப் பெட்டிக்குள்ளும் இறக்கிவைத்துவிட்டதைப் போல அவருக்கு உடல் சிலிர்த்தது.

அந்த அட்டவணைதான் இப்போது 'இடமில்லை' என்கிறது. அது பொய் சொல்லாது. அவர் நாற்காலியில் அமர்ந்து பலகையையே வெறித்தார்.

*

"அத்தான், இங்க வாங்க. ஒண்ணு காட்டறேன். திட்டக்கூடாது."

அவள் திரையைத் திருப்பினாள். இடப்பக்கம் கப்பல்களின் பெயர்கள். வலப்பக்கம் ஓர் எண் வரிசை.

"ஒவ்வொரு கப்பலோட பதிவுச் சான்றிதழ் நீளமும் வேற ஒரு அட்டவணையில கிடக்கு. யாரும் அதைத் தொடறதே இல்ல. இன்னிக்கு ஏதாவது வழி கிடைக்குமான்னு, நீங்க எழுதின வீச்சோட நீளத்துல இருந்து அதைக் கழிச்சுப் பார்த்தேன். முதல்ல இப்ப நிக்கிற மூணுக்கு. அப்புறம் உங்க பழைய பேரேட்டுல இருந்து ஏத்தின ஆறு வருஷத்துக்கும்."

முழக்கோல் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினார். முப்பது. முப்பது. முப்பது. அவள் விரலால் திரையைத் தள்ளினாள். ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள் மேலேறி ஓடின. முப்பது, முப்பது, முப்பது. கோதுமை ஏற்றியது, கார் ஏற்றியது, வெறுங்கப்பல், பழுதுபார்க்க வந்தது, எல்லாவற்றுக்கும் முப்பது. மழைத்தாரை போல அந்த எண் திரையில் நேர்கோடாக இறங்கிக்கொண்டேயிருந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

"மெஷின் தப்பு பண்ணா கன்னாபின்னான்னு பண்ணும். இவ்வளவு சுத்தமா, இவ்வளவு வருஷமா, ஒரு நாள் லீவு போடாம ஒரே தப்பைப் பண்றது மனுஷன்தான் அத்தான்."

அதிகாரியம்மா எழுந்து வந்தார். மணி பத்தே கால். அந்த முப்பதில் ஒரு பங்கு யாருடையது என்று அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"பத்து என்னுது" என்றார் முழக்கோல்.

இருவரும் அவரைப் பார்த்தனர்.

"சீட்டுல வர்ற நீளத்தோட பத்து கூட்டித்தான் எழுதுவேன். எப்பவும். ஆனா பத்துதான்! மீதி இருபது என் கணக்கு இல்ல. சத்தியமா எனக்குத் தெரியாது."

மச்சினி உடனே பைலட்டைக் கூப்பிட்டுத் தொலைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கினாள். "அது வந்து… கப்பல் முகவர் எப்பவும் நீளத்தைக் குறைச்சுத்தானே அனுப்புவாரு? முழு உண்மையைச் சொன்னா எடம் கிடைக்காதுன்னு. அதனால நான் ஒரு பத்து ஏத்தி விடுவேன். ஒரு பாதுகாப்புக்கு."

அடுத்து முகவர். "ஐயா, நாங்களா குறைச்சு அனுப்பறோம்? நாங்க கூட்டியில்ல அனுப்பறோம்! நீங்க அளந்து அளந்து வெட்டுவீங்கன்னு ஊருக்கே தெரியும். அதுக்குப் பயந்து ஒரு பத்து சேர்த்துத்தான் எழுதறது. எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"நீங்க எதுக்கு சார் கூட்டினீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"பைலட் நெருக்கிக் கொண்டுவந்து வைப்பாருன்னு."

மச்சினிக்குச் சிரிப்பு முட்டியது. சூழ்நிலை கருதி அதை இருமலாக்கினாள். நடந்தது எவ்வளவு பெரிய அலட்சியம்! ஒருவர் மற்றவரை நம்பாமல் கூட்டினார். அவரை நம்பாமல் மூன்றாமவர் கூட்டினார். மூவரும் அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டுக்கொண்டு தத்தம் வீட்டில் நிம்மதியாக உறங்கினர். ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. கேட்காத அந்த ஒரு கேள்வி ஒவ்வொரு கப்பலுக்கும் முப்பது மீட்டராக ஆறு ஆண்டுகள் கடலை அடைத்துக்கொண்டிருந்தது.

அதிகாரியம்மா ஏற்கெனவே வயர்லெஸ் கருவியைக் கையில் எடுத்திருந்தார். "கேப்டன், உங்க கப்பலோட நீளம் எவ்வளவு? சீட்டுல இருக்கறது வேண்டாம். சான்றிதழைப் பார்த்துச் சொல்லுங்க."

காகிதம் புரளும் ஓசை. பின்னணியில் பம்பின் முனகல். "நூத்தி முப்பத்தெட்டு. ஏன், வேற யாராவது வேற மாதிரி சொன்னாங்களா?"

*

எண்ணை நம்பி ஏமாந்தது போதும் என்று முழக்கோல் அளவுச்சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேடைக்கு இறங்கினார். மச்சினி மடிக்கணினியை ஏந்திப் பின்னால் ஓடிவந்தாள்.

சிமெண்டுக் கப்பலின் முனை பூச்சியத்தில் இல்லை; ஒதுக்கிய வீச்சின் நடுவில் பைலட் அதை நிறுத்தியிருந்ததால் பதினைந்தில் இருந்தது. அதன் வால் நூற்றறுபத்தைந்தில் முடிந்தது. அங்கிருந்து சக்கரத்தை உருட்டினார். இருபது மீட்டரில் மரக்கப்பல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பதிலும் வரவில்லை. சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே ஐம்பதைத் தொட்டபோதுதான் மரக்கப்பலின் முனை தலைக்கு மேலே வந்து நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு இரும்பு மலைகளுக்கு நடுவே பச்சை நீர் விரிந்து கிடந்தது. அதில் ஒரு கடற்பறவை அவசரமின்றி நீந்திக்கொண்டிருந்தது. இந்த மேடையில் அவர் நாள்தோறும் இருமுறை நடக்கிறவர். கப்பல்கள் மாறியிருக்கலாம், இந்த நீர் என்றும் இவ்வளவு அகலமாகவே இருந்திருக்க வேண்டும். பலகை இருபது என்றது. ஆகவே கண்ணும் இருபது என்றே கண்டது. ஐம்பது மீட்டர் கடலை, பட்டப்பகலில், இரு கண்களாலும் பார்த்துக்கொண்டே பாராமல் இருந்திருக்கிறார். எதிரே இருந்தது வெறும் நீர்தான். ஆயினும் இல்லை என்று தாம் சத்தியம் செய்திருக்கக்கூடிய ஒன்று கண்முன்னே அலையடிப்பதைக் காண்கையில் அவருக்குக் கைகள் தாமாகக் கூப்பிக்கொள்ளப் பார்த்தன.

மரக்கப்பல் இருநூற்றுப் பதினைந்திலிருந்து முந்நூற்று நாற்பத்தைந்து. மீண்டும் ஐம்பது மீட்டர் நீர். தானியக் கப்பல் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்திலிருந்து ஐந்நூற்றைம்பத்தைந்து. அதற்கப்பால் பாறைமுனை வரை தொண்ணூற்றைந்து.

"எல்லாம் துண்டு துண்டாக் கிடக்குது அத்தான்" என்றாள் மச்சினி, கட்டுத்தூண் ஒன்றின்மீது கணினியை வைத்துக்கொண்டு. "மூணு கப்பலையும் விளக்குமுனைப் பக்கம் நெருக்கினா, நீளம் மொத்தம் நானூத்தி நாப்பது, நடுவுல மூணு இருபது அறுபது. ஐநூறு. அங்க இருந்து இது நூத்தி முப்பத்தெட்டு."

"அறுநூத்தி முப்பத்தெட்டு" என்றார் முழக்கோல். "பன்னெண்டு மிச்சம்."

"அப்ப இடம் இருக்கு!"

மேடைக்கு அந்தப் பக்கமிருந்து கயிற்று மேஸ்திரி வந்துகொண்டிருந்தார். கப்பல்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவருடைய ஆட்களின் பணி. அவருக்கு வலக்கையில் மூன்று விரல்களே உண்டு. 'எட்டு' என்று அழைத்தால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டவரும் அவரே.

முழக்கோல் பேசாத அந்த முதல் ஆண்டு அந்தக் கையில் இருந்தது. அன்று அவர் உள்ளது உள்ளபடி அளந்து எழுதினார்; பலத்த காற்றில் ஒரு கயிறு அறுந்தது; இரண்டு கப்பல்கள் உரசின; இடையே ஓடிய கயிற்றில் இளவயது எட்டின் இரண்டு விரல்கள் போயின. மறுநாளிலிருந்துதான் முழக்கோல் பத்து கூட்டத் தொடங்கினார்.

"என்னப்பா முழக்கோல், மூஞ்சி செத்துப்போய் நிக்கிற? எடம் இருக்காம்ல, பொண்ணு சொல்லுது."

"இருக்கு எட்டு. ஆனா நான் வச்சிருந்த பத்தை எடுத்தாத்தான் இருக்கு."

"எந்தப் பத்து?"

முழக்கோல் அந்தக் கையைப் பார்த்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டும் தம் கையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட மடையா! இருபத்தஞ்சு வருஷமா இதையா தூக்கிச் சுமந்துக்கிட்டு அலையற? அன்னிக்கு அறுந்தது கயிறு. மக்கிப்போன கயிறு. உன் நம்பர் என்ன பண்ணும்? அதுக்கப்புறம்தானே இருபது மீட்டர் விடணும்னு ரூலே போட்டாங்க. விரலுக்குப் பத்து மீட்டர்! என் ரெண்டு விரலுக்கும் அன்னிக்கே கவர்மெண்டு எழுதிக் குடுத்தாச்சு. நீ யாரு எனக்கு மூணாவது விரல் வெட்டறதுக்கு?"

மச்சினி இப்போது இருமவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள். முழக்கோலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சில் நெடுநாள் இறுகியிருந்த முடிச்சு ஒன்றை யாரோ தேர்ந்த கையால், மூன்றே விரல்களால், அவிழ்த்துவிட்டதைப் போல இருந்தது. அச்சத்திற்கு உரிய இடம் அந்த விதி. அது அங்கே ஒரு முறை எழுதப்பட்டால் போதும். தாமோ அதைக் கப்பலின் நீளத்திலேயே கலந்து, எது இரும்பு, எது பயம் என்று தமக்கே தெரியாதபடி ஆக்கியிருந்தார்.

"கயிறெல்லாம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"போன மாசம்தான் மாத்தினது. என் பொண்டாட்டி தாலி அறுந்தாலும் இது அறாது."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முழக்கோல் வயர்லெஸ் கருவியை வாயருகே கொண்டுசென்றார். "அதிகாரியம்மா, எடம் இருக்கு. மூணு கப்பலை நகர்த்தணும். என் பொறுப்பு."

*

சரக்கு வேலை நின்றது. சிமெண்டுக் குழாய்கள் கழன்றன. தானியக் கப்பலின் மேலிருந்து பாரந்தூக்கிகள் கழுத்தை விலக்கிக்கொண்டன. எட்டின் ஆட்கள் இருபது பேர் மேடை நெடுகப் பரவினர்.

அவசரத்தில் மச்சினி மரக்கப்பலின் புதிய இடத்தை முதலில் பதிய முயன்றாள். அட்டவணை மறுத்துவிட்டது.

"ஐயய்யோ, இப்பப் போய் மக்கர் பண்ணுது!"

"மக்கர் பண்ணலம்மா, சரியாத்தான் சொல்லுது" என்றார் முழக்கோல். "சிமெண்டு இன்னும் பதினஞ்சுலதான் நிக்குது. அது பூச்சியத்துக்குப் போனாத்தான் இதுக்கு எடம். கடல்லயும் அதே வரிசைதான். முதல்ல சிமெண்டு."

கப்பல்மேடையில் எது முடியாதோ, அது அந்தச் சிறிய திரையிலும் முடியவில்லை. ஒன்றில் உப்பு நீர்; மற்றொன்றில் வெறும் எண்கள். எனினும் இரண்டும் ஒரே சட்டத்திற்குக் கீழ்ப்படிந்தன. சிமெண்டுக் கப்பல் தன் கயிறுகளைத் தானே சுருட்டிக்கொண்டு, மூச்சுவிடுவது போன்ற மெதுவான அசைவில் பதினைந்து மீட்டர் நகர்ந்தது. அதன் பழைய பதிவில் நேரத்தின் வலப்பக்கத்தை மச்சினி ஒரு பிறை அடைப்பால் மூடினாள். அதே நொடியில் ஒரு பகர அடைப்பால் புதிய பதிவு திறந்தது. பிறகு மரக்கப்பல் நாற்பத்தைந்து மீட்டர். அட்டவணை இப்போது மறுக்கவில்லை.

கடைசியாகத் தானியக் கப்பல் எழுபத்தைந்து மீட்டர் நகர்ந்தது. கப்பல்கள் ஒரு பக்கம் போகப் போக, அவற்றினூடே சிதறிக் கிடந்த வெறுமை மறுபக்கம் நடந்து வந்தது. இங்கே ஐம்பதாக, அங்கே ஐம்பதாக, ஓரத்தில் பதினைந்தாக ஒளிந்திருந்த நீர் ஒவ்வொரு கப்பலின் அடியிலும் நுழைந்து, மறுபுறம் வந்து, பாறைமுனையில் ஒன்றாகத் திரண்டது. புதிதாக ஒரு சாண் கடலும் எவரும் வரவழைக்கவில்லை. காலையில் இருந்த அதே நீர்தான். ஆனால் மூன்று மணிக்கு அங்கே நூற்றெழுபது மீட்டர் நீளத்திற்கு வெயில் தடையின்றிப் பளபளத்தது. முழக்கோல் தம் வாய் திறந்திருப்பதை உணர்ந்து மூடிக்கொண்டார்.

மூன்றேகாலுக்குக் கப்பல் வாயிலைக் கடந்து உள்ளே வந்தது. பைலட் அதன் மேல்தளத்தில் நின்றிருந்தார். பின்பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வயிற்றிலிருந்து இரண்டு தாரைகளாக நீரைக் கக்கிக்கொண்டு, நோயாளி ஒருவர் பிறர் தோளில் கைபோட்டு நடப்பதைப் போல இழுவைப் படகின்மீது சாய்ந்து வந்தது. முழக்கோல் ஐந்நூறாம் மீட்டரில் சிவப்புக் கொடியோடு நின்றார். எட்டு அறுநூற்று முப்பத்தெட்டில் நின்றார்.

வந்த கப்பலின் முனை கொடியை நோக்கி ஊர்ந்தது. முப்பது மீட்டர். பத்து. காற்று சற்றே எழுந்து கொடித்துணியைப் படபடவென்று அடித்தது. தானியக் கப்பலின் வாலும் வருகிற கப்பலின் முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இடையே விதி கூறிய இருபது மீட்டர், ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். அவருக்கு இருபத்தைந்து ஆண்டுப் பழைய ஓசை ஒன்று காதில் கேட்கப் பார்த்தது. கேட்கவில்லை. கயிறுகள் பறந்து வந்து விழுந்தன; எட்டின் ஆட்கள் அவற்றைத் தூண்களில் மாட்டினர்; கயிறுகள் இறுகின, முனகின, நின்றன.

"பின்னாடி எவ்வளவு?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்.

"வால் சரியா என் கால்கிட்ட நிக்குது" என்றார் எட்டு. "அதுக்கப்புறம் பன்னெண்டு மீட்டர் தண்ணி. குளிக்கறியா?"

ஏணி இறங்கியது. முழக்கோல் ஏணியின் அடியில் நின்று இறங்குபவர்களை எண்ணினார். பம்பைப் பார்த்துக்கொள்ள நால்வரும் கேப்டனும் மேலேயே தங்கினர். பதினான்கு பேர் இறங்கினர். கடைசியாக இறங்கியவர் சமையற்காரர். கையில் ஒரு பூனை. "இதையும் எண்ணிக்குங்க சார்" என்றார்.

நான்கு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் முழக்கோல் அறைக்குத் திரும்பினார். வெளியே காற்று திரும்பி, சன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. மச்சினி நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். "இந்தப் பதிவை நீங்களே போடுங்க அத்தான்."

அவர் அமர்ந்தார். நேரத்தின் வீச்சு: மூன்று நாற்பதிலிருந்து.

"எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்? ஓட்டையை அடைக்கவே ஒரு மாசம் ஆகலாம். தெரியாததை எப்படி எழுதறது?"

"தெரியாதுன்னா எழுதாதீங்க. வலப்பக்கம் வெறுமனே விட்டுட்டு அடைப்பைப் போடுங்க. எல்லை இல்லாம நிக்கும்."

முடிவில்லாமல் வலப்பக்கம் திறந்து கிடந்த அந்த வீச்சைச் சிறிது நேரம் பார்த்தார். எழுதாமல் விட்ட இடத்தை அது உள்ளபடியே தாங்கி நின்றது. தாமாக ஓர் எண்ணை இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து இடம். பகர அடைப்பு, ஐந்நூறு, காற்புள்ளி. விரல்கள் பழக்கத்தில் ஓடின: அறுநூற்று நாற்பத்தெட்டு.

அவர் நிறுத்தினார். சன்னலுக்கு வெளியே, கப்பலின் வாலுக்கும் பாறைக்கும் நடுவே, பன்னிரண்டு மீட்டர் நீர் குதித்துக்கொண்டிருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. சிறு படகுக்கு அந்த இருபது மீட்டர் விதி கிடையாது; நாளை யாரேனும் ஒரு படகுக்காரன் வந்து கேட்கலாம்.

நாற்பத்தெட்டை அழித்தார். முப்பத்தெட்டு என்று எழுதினார். பிறை அடைப்பை இட்டு விசையைத் தட்டினார்.

அட்டவணை ஏற்றுக்கொண்டது.